மருமகனுக்கு: சர்வர் எழுந்தும் வாய் திறக்காத விவரம்

சைதா,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

பேரன்புக்குரிய மருமகன் வஸீமுக்கு உன் அத்தை நஜ்லா எழுதிக்கொள்வது. உன் மீதும், உன் மனைவி மீதும், உன்னை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போன உன் மாமனார் மீதும் இறைவனின் சாந்தி பொழியட்டும். இங்கே நானும் உன் மாமாவும் அவன் கருணையால் சுகம். உங்கள் சுகத்தை நேற்றுத் தொலைபேசியிலேயே விசாரித்துவிட்டதால் மறுபடி விசாரிக்கவில்லை. ஏரியிலிருந்து கரையேறிய கையோடு நீ என்னிடம் சொன்னது இது: "அத்தை, நீங்க பேசுற வேகத்துல எனக்கு ஒண்ணுமே புரியல. என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க." எழுதுகிறேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன். இடையில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

நீ கனடாவுக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டு நடையில், செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, "அத்தை, இதுதான் சர்வர். 'மருந்து உண்டா' இணையப் பக்கம் இதுக்குள்ளதான் இருக்கு. இதுபாட்டுக்கு ஓடும், நீங்க தொடவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் தூசி தட்டுவதைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொட்டதில்லை. ஊரில் மருந்து கிடைக்காத இந்தக் காலத்தில், தன்னிடம் மிஞ்சிய மருந்தை ஒருவர் அந்தப் பக்கத்தில் எழுதி வைப்பதும், தேவைப்பட்டவர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதும், மருந்துக்கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்த எனக்குத் திரும்ப ஒரு கடை திறந்த மாதிரி இருந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, அரசுக் கரண்ட் போய் ஜெனரேட்டர் கரண்ட் வருகிற இடைவெளியில், நீ வாங்கி வைத்த யூ.பி.எஸ். என்கிற பேட்டரிப் பெட்டி ஒரு கீச்சுச் சத்தம் போட்டு உயிரை விட்டது. கூடவே சர்வரும் அணைந்தது. கரண்ட் வந்ததும் தானாகவே எழுந்தது. பச்சை விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, பார்த்தால் ஆரோக்கியமான பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் காபி போட்டுக் குடித்து முடித்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சரி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து நுஹா மேலே ஏறி வந்தாள். உனக்குத் தெரியும், கீழே மனாகீஷ் ரொட்டி சுடுகிற அடுப்புக் கடை நுஹா, அவள் மகள் ஜனாவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. "டாக்டரம்மா, ஜனா மாத்திரை நாளைக்கு ராத்திரியோட தீருது. சைதா முழுக்கக் கேட்டாச்சு, பெய்ரூத்துல என் தம்பியும் அலைஞ்சு பார்த்துட்டான். எங்கயும் இல்லியாம். உங்க பக்கத்துல யாராச்சும் போட்டிருக்காங்களா பாருங்களேன்" என்றாள். கையில் மாவு, முகத்தில் வேர்வை. அவளுக்கு அழக்கூட நேரமில்லை. கீழே ஆள் நிற்கிறார்கள். எனக்கோ திக்கென்றது. ஏனென்றால் அதே மாத்திரையை முந்தின நாள்தான் பக்கத்தில் பார்த்திருந்தேன். ஜெஸ்ஸீன் பக்கம் மலைமேல் யாரோ ஒரு மனிதர், மனைவி இறந்துபோய்விட்டார், அவருடைய மாத்திரை பெட்டி பெட்டியாக இருக்கிறது, வேண்டியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். பெயர் நினைவில்லை. எண் நினைவில்லை. இரண்டும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன. பெட்டியோ வாய் திறக்க மாட்டேன் என்கிறது. "இருக்கு நுஹா, மருந்து இருக்கு. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு, எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை இனிமேல் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் மிச்சக் கதை.

உன்னைக் கூப்பிட்டேன். ஒருமுறை அல்ல. உன் மனைவி எடுத்து, "அத்தை, அவரு எங்கப்பாகூட ஏரிக்குப் போயிருக்காரு, அங்க சிக்னலே கிடைக்காது" என்றாள். சைதாவில் வாசலைத் திறந்தால் கடல், வலையை வீசினால் மீன். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சிக்னல் இல்லாத ஏரியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிற உன்னைப் பற்றி அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். மற்றபடி ஒன்றும் விடவில்லை.

அப்புறம் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. மருந்துக் கடையில் நான் கற்ற பாடம் என்னவென்றால், நோயாளி எத்தனை தொந்தரவு சொன்னாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்றே தெரியாது. அதே மாதிரி ஆரம்பித்தேன். முதலில் இணையத்தின் மீது சந்தேகம். கைபேசியில் செய்தி வருகிறது, வானிலை வருகிறது, உன் மாமாவுக்குத் தேவையில்லாத விளம்பரமெல்லாம் வருகிறது. ஆக, இணையம் நிரபராதி. அடுத்தது, பெட்டி நிஜமாகவே விழித்திருக்கிறதா, அல்லது விளக்கை மட்டும் எரியவிட்டுத் தூங்குகிறதா? உன் பழைய மடிக்கணினியிலிருந்து பிங் என்று ஒன்றை அனுப்பினால், அந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் பதில் கொடுக்கும் என்று ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருந்தான். அனுப்பினேன். உடனே பதில் வந்தது, வரிசையாக வந்துகொண்டே இருந்தது, நிறுத்துவது எப்படி என்று அவன் எழுதியிருக்கவில்லை. ஆக, பெட்டி உயிரோடு இருக்கிறது, காதும் கேட்கிறது. பக்கத்தைக் கேட்டால் மட்டும் பேசாது. எனக்குத் தெரிந்த சில புருஷன்மாரும் இப்படித்தான், ஆனால் அவர்களுக்கு மருந்து கிடையாது.

அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அதுதானே நீ எல்லா வியாதிக்கும் சொல்கிற கஷாயம். அதே விளக்கு, அதே விசிறி, அதே வட்டம். உன் மாமா இத்தனை நேரமும் பலகணியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் அவர் மாடி ஏறுவதை மருத்துவர் தடுத்துவிட்டார் என்று முன்பே தொலைபேசியில் சொன்னேனில்லையா. "ஃபௌஸி, இங்க ஒருத்தி மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்றேன். "அதுல எனக்கு என்ன தெரியும் நஜ்லா? முனீர் கடைக்குக் கொண்டு போயேன்" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை.

முனீர் கடை தெரியுமா உனக்கு? கோட்டைக்குப் போகிற வழியில் கைபேசிக்கு உறை விற்கிற கடை, கண்ணாடியில் "கணினி மருத்துவமனை" என்று எழுதியிருக்கும். பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டாக்சிக்காரர், "குழந்தைக்கு என்னம்மா?" என்று கேட்டார். "பேச மாட்டேங்குது" என்றேன். முனீர் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், தலையை ஆட்டினான். "ஹாஜியம்மா, இது உள்ள எல்லாம் கெட்டுப் போயிருக்கும். மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தர்றேன், பளபளன்னு ஓடும்" என்றான். நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். "அழிச்சா உள்ள இருக்கிற எழுத்தெல்லாம்?" என்றேன். "அதெல்லாம் போயிடும். ஆனா பெட்டி நல்லாயிடும்." "தம்பி, தலைவலின்னு வந்தவன் தலையை எடுத்துட்டா வலி போயிடும், அது எனக்கும் தெரியும். நீ என்ன வியாதின்னே இன்னும் பார்க்கலியே" என்றேன். "வியாதி எதுக்கு ஹாஜியம்மா, குணம்தானே வேணும்" என்றான். அவன் ஸ்குரூ திருப்பியைக் கையில் எடுத்தான். நான் போர்வையைக் கையில் எடுத்தேன். அவன் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, கடையில் உறை வாங்க வந்த பெண்பிள்ளைகள் எனக்குக் கட்சி கட்டிப் பேச, ஒரு வழியாகப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தேன். திரும்பும்போதும் அதே டாக்சிக்காரர்தான். மடியில் இருந்த போர்வையைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினார்.

மறுநாள், புதன்கிழமை காலை, இனிமேல் அதன் வயிற்றுக்குள்ளேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்தேன். உன் மாமா பார்த்துக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டம் போய்க் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் வந்தன. ஆட்டத்தை நிறுத்தியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நான் அப்போதாவது கவனித்திருக்க வேண்டும். பக்கத்தை ஊருக்குக் காட்டுகிற நிரலை, எழுந்திரு என்று தட்டச்சு செய்தேன். எழவில்லை. ஏன் எழவில்லை என்று கேட்டேன். பதிலாக ஒரு பத்தி நிறைய ஆங்கிலம் வந்தது. மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்தே காலம் தள்ளியவளுக்கு அச்செழுத்து என்ன பிரமாதம்? பொறுமையாகப் படித்தேன். விஷயம் இதுதான்: வருகிறவர்களுக்குப் பெட்டியில் எண்பதாம் எண் வாசல் என்று ஒன்று இருக்கிறதாம், அந்த வாசலில் ஏற்கனவே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம், அதனால் நம் நிரலுக்கு நிற்க இடமில்லையாம். ஆக, வருகிறவன் கதவைத் தட்டுகிறான், உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் திறக்கவும் மாட்டான், எழுந்து போகவும் மாட்டான். வியாதி அகப்பட்டுவிட்டது வஸீம். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீ பிடித்த எந்த மீனும் உனக்குக் கொடுத்திருக்காது.

யாருடா நீ என்று கேட்கவும் ஒரு கட்டளை இருக்கிறது, அதையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். பெயர் வந்தது. ஆங்கில எழுத்தில் "ஹமாம்". நம் அரபியில் குளியலறைக்கு ஹம்மாம் என்றுதானே பெயர். ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்கும் இதே எழுத்துக்கூட்டல்தான். எவனோ ஒரு திருடன் நம் வீட்டுப் பெட்டிக்குள் புகுந்து, குளியலறையைப் பார்க்கிற மாதிரி ஏதோ வைத்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன். இணையத்தில் இப்படியெல்லாம் நடப்பதாகப் படித்திருக்கிறேன். ஓடிப்போய்க் குளியலறை ஜன்னலுக்குத் துண்டைக் கட்டினேன். குழாய், கண்ணாடி, ஷாம்பூ புட்டி, எல்லாவற்றிலும் கேமரா தேடினேன். "ஃபௌஸி, ஸ்டூல்மேல ஏறி அந்தக் காத்துப் போற ஓட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். முழங்கால் வலிக்கிற மனிதர், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறினார். ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே எடுக்கவே இல்லை. "என்ன இருக்கு?" என்றேன். "ஒண்ணும் இல்ல நஜ்லா. நல்லா தேடுறேன், இரு" என்று உள்ளே இருந்தே குரல் வந்தது.

அந்த நேரம் அரசுக் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் நுஹா படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தாள், கையில் கைபேசி. "டாக்டரம்மா, பக்கம் வந்துடுச்சு." எனக்கு உயிர் வந்தது. "ஆனா..." என்றாள். "என்ன ஆனா?" "மருந்து வரல. புறா வருது." வாங்கிப் பார்த்தேன். 'மருந்து உண்டா' என்று தட்டினால், நம் மொட்டைமாடிப் புறாக்கூண்டு, அதில் உன் மாமாவின் புறாக்கள் தானியம் கொத்துகின்றன. ஒன்று கேமராவுக்கே வந்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. அரபியில் குளியலறை ஹம்மாம், புறா ஹமாம், ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பினேன். உன் மாமா இன்னும் ஸ்டூல்மேல்தான் நிற்கிறார், தலை இன்னும் ஓட்டைக்குள்ளேதான் இருக்கிறது.

"இறங்குங்க" என்றேன்.

"நுஹா இருக்காளா?" என்றார்.

"இருக்கேன் மாமா" என்றாள் நுஹா.

"அப்போ இறங்குறேன்."

இறங்கி, கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து சொன்னார். "மாடி ஏறக்கூடாதுன்னுட்டாங்க. அதுங்களைப் பார்க்காம எனக்குச் சோறு இறங்கல நஜ்லா. ஒரு கேமரா வாங்கி மேல வெச்சேன். கைபேசியில பார்க்கிறதுக்கு ஒரு நிரல் வேணும்னாங்க, அதை அந்தப் பெட்டியில ஏத்தினேன். ஏத்தின அன்னைக்கு அது ஓடவே இல்ல. சரி, நமக்கு வராதுன்னு விட்டுட்டேன். சத்தியமா மறந்தே போயிட்டேன். நேத்து நீ பெட்டியைத் தட்ட ஆரம்பிச்சப்போதான் லேசா நெஞ்சு அடிச்சுது." உனக்கு இப்போது புரிந்திருக்கும். அவர் ஏற்றிய அன்று வாசலில் நம் நிரல் உட்கார்ந்திருந்தது, அதனால் புறாவுக்கு இடமில்லை. செவ்வாய்க்கிழமை எல்லாம் அணைந்து எழுந்தபோது, நம் நிரல் கண்ணைக் கசக்குவதற்குள் புறா ஓடிப்போய் வாசலைப் பிடித்துக்கொண்டது. மாடிக் கேமராவுக்கு அரசுக் கரண்ட் மட்டும்தான், அது வரும்வரை காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் வியாதி. முனீர் இதற்காகத் தலையை எடுக்கப் பார்த்தான்.

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். புறாவை நிறுத்து என்று தட்டினேன். முதல் தடவை ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், அது யார் என்று கேட்டது. இரண்டாம் தடவை நின்றது. நம் நிரலை எழுந்திரு என்றேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நல்ல செய்தி என்று அந்த உலகத்தில் வழக்கமாம். நுஹா தன் கைபேசியைத் தட்டினாள், வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது, பக்கம் வந்தது. ஜெஸ்ஸீன்காரர் இருந்தார். நக்லே என்று பெயர், கீழே எண். நுஹா எண்ணைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் கைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு நடையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பேசினேன். "இருக்கு, வாங்க" என்றார் அவர்.

உன் மாமாவே காரை ஓட்டினார், பிராயச்சித்தமாக. நக்லே வாசலிலேயே நின்றிருந்தார், கையில் மாத்திரைப் பெட்டிகள், ஒரு துணிப்பையில் போட்டு. மனைவி தைத்த பை போலிருக்கிறது, ஓரத்தில் பூ வேலை. நான் தேதியெல்லாம் சரிபார்த்தேன், நல்ல மருந்து. "யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். கீழ்வீட்டுப் பிள்ளைக்கு என்றேன். "பிள்ளைக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பொட்டலம் பைன் கொட்டையும் கொண்டு வந்து கொடுத்தார். வியாழன் ராத்திரி ஜனா தடையில்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டாள். நேற்று அவளே மனாகீஷ் கொண்டு வந்து கொடுத்தாள், ஸாத்தர் பொடி தாராளமாகப் போட்டு.

இனி என் தீர்ப்பு. ஒன்று, புறா நிரலைப் பெட்டியிலிருந்து வேரோடு எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு நானே வேண்டுமென்றே பெட்டியை அணைத்துப் போட்டேன். அந்த வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது, பக்கம் வந்தது. புது பேட்டரிப் பெட்டியும் வைத்தாயிற்று. இரண்டு, உன் மாமா அந்தச் செருப்பு அலமாரிக்கு ஒரு கை தூரத்துக்குள் வரக்கூடாது. செருப்பை நான் எடுத்துக் கொடுக்கிறேன். மூன்று, உன் உதவி இனி எனக்குத் தேவையில்லை. நீ நிம்மதியாக மீன் பிடிக்கலாம். என் பெட்டியை நானே பார்த்துக்கொள்வேன், யாரும் அதில் இனி ஓர் எழுத்துக்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. உன் மாமா வெள்ளிக்கிழமையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், சோறும் சரியாக இறங்கவில்லை. அதற்காக நான் இறங்குவதாக இல்லை.

உன் மனைவிக்கும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் என் துஆ எப்போதும் உண்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் வைப்பானாக.

அன்புடன்,
உன் அத்தை நஜ்லா.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் நக்லே கூப்பிட்டார். பிள்ளை சுகமா என்று விசாரித்தார், சுகம் என்றேன். அப்புறமும் தொலைபேசியை வைக்காமல் தயங்கினார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. புதன்கிழமை, நீங்க கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மருந்தை யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு பார்க்க உங்க பக்கத்தைத் தெறந்தேன். புறா வந்துச்சு. கூண்டு ஓரத்துல ஒண்ணு முட்டைமேல உட்கார்ந்திருந்துச்சு. வீட்டுல ஒரு சத்தமும் இல்லாம இருக்கேனா, அதையே பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன். இப்ப தெறந்தா மருந்துதான் வருது. முட்டை பொரிஞ்சுதா?" நான் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பொரிந்திருக்கிறது, இரண்டு குஞ்சு, பார்க்கச் சகிக்காத அழகு. ஆகவே மேலே எழுதிய ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. ஒரே வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தி, மருந்துக்கு வந்தவரை மருந்திடமும் புறாவுக்கு வந்தவரைப் புறாவிடமும் அனுப்பி வைக்க முடியுமாமே, அதை எப்படிச் செய்வது என்று எனக்கு உடனே எழுது. எழுதுகிற வரைக்கும் ஏரிப் பக்கம் போகாதே. உன் மாமாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் முழுக்க அவர் செருப்பை என்னிடம் கேட்டே வாங்கட்டும்.